எழுந்தால் புள்ளி போய்விடும்

மூஸ்நெக் ஊரில் ஆயிரத்து நானூறு பேர் இருக்கிறோம். எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே டாக்டர், மார்த்தா வசிலிக். அடுத்த டாக்டரைப் பார்க்க நூற்றிருபது கிலோமீட்டர் போக வேண்டும், அதுவும் பனிப்புயல் வழிவிட்டால். அவளுடைய கிளினிக்கின் முன்மேசையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவள் நான். என் பெயர் வெர்லா. யார் உள்ளே போகலாம், யார் காத்திருக்க வேண்டும், யார் சும்மா அரட்டை அடிக்க வந்திருக்கிறார் என்பதெல்லாம் என் கணக்கு. ஊரார் முன்னால் அவளை டாக்டர் என்பேன், நீங்க என்பேன். காரில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டால் அவள் மார்த்தாதான்.

போன வருடம் பிப்ரவரியில் அந்த முன்மேசைக்கே ஆபத்து வந்தது. டாக்டருக்குப் படித்தவர்கள் அதோடு நிறுத்தக் கூடாதாம், காலமெல்லாம் படிக்க வேண்டுமாம். நல்ல விஷயம்தான், நான் மறுக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு இருநூற்றைம்பது புள்ளி சேர்த்தால்தான் லைசென்ஸைப் புதுப்பிப்பார்கள். கடைசி நாள் விடிந்தபோது மார்த்தாவிடம் இருநூற்று நாற்பத்தெட்டரை இருந்தது. ஒன்றரைப் புள்ளி குறைவு. அன்று மாலை ஆறு மணிக்குப் பதிவேட்டை மூடிவிடுவார்கள். அதற்குள் அந்த ஒன்றரை வராவிட்டால் திங்கட்கிழமை கிளினிக் கதவு திறக்காது. மூஸ்நெக்கின் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பிரசவமும் எல்லாம் தெருவில் நிற்கும்.

மார்த்தா படிக்காதவள் இல்லை. உட்காராதவள். அதுதான் சிக்கல். அக்டோபரில் ஒரு வகுப்பின் நடுவில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்திக்கு இடுப்புவலி என்று போன் வந்தது, எழுந்து போய்விட்டாள். டிசம்பரில் ஹோட்டல் பரிமாறுபவன் கையில் சுடுகாபி கொட்டிக்கொண்டான், எழுந்து போய்விட்டாள். இரண்டு வகுப்புக்கும் பூஜ்யம்.

முன்பெல்லாம் எழுந்து போனால் யாருக்கும் தெரியாது. கழுத்தில் தொங்கும் அட்டையை வாசலில் காட்டினால் போதும். அதைக் கெடுத்தது எங்கள் மாகாணத்து ஆண் டாக்டர்கள்தான். இரண்டு வருடத்துக்கு முந்தைய குளிர்கால மாநாட்டில் முந்நூறு பேர் அட்டையைக் காட்டினார்கள், அரங்கத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். மற்றவர்கள் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாதவிடாய்ப் பிரச்சினைகள் பற்றிய வகுப்பு அது. பேச வந்த அம்மாள் அழுதே விட்டாராம்.

அதன் பிறகு, லைசென்ஸ் கொடுக்கும் மருத்துவ வாரியம் நாற்காலிக்கு நாற்காலி ஒரு மெத்தை போட்டது. அதில் உட்கார்ந்தால் பச்சை, எழுந்தால் சிவப்பு. இரண்டு நிமிடத்துக்கு மேல் சிவப்பாக இருந்தால் அந்த வகுப்பே கணக்கில் வராது. உடனே ஒரு டாக்டர் இருபது கிலோ உருளைக்கிழங்கு மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார். வாரியம் விடுமா? அசையாத பொருளை ஏற்காத மெத்தையை வாங்கியது. டாக்டர் ஃபிட்ச் என்று ஒருவர், தன் நாயைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். மூட்டுவலி வகுப்பில் அந்த நாய் இரண்டு புள்ளி வாங்கியது.

இந்த லட்சணத்தில்தான் ஊராட்சி கூடி, மார்த்தாவை வின்னிபெக் நகரத்தில் நடக்கும் மாநாட்டுக்கு அழைத்துப் போய் ஒன்றரை மணி நேரம் உட்கார வைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தது. கை தூக்கித் தீர்மானம் போட்டார்கள். ஒருவர்கூட எதிர்க்கவில்லை, மார்த்தாவைத் தவிர.

காரில் போகும்போதே அவள் போனை வாங்கி என் கைப்பையில் போட்டேன்.

"வெர்லா, ஏதாச்சும் அவசரம்னா?"

"உனக்கு இன்னிக்கு ஒரே அவசரம்தான். உக்காரணும். பாத்ரூம் போயிட்டியா?"

"நான் என்ன சின்னப் புள்ளையா?"

"சின்னப் புள்ளைங்க உக்காரும் மார்த்தா. நீதான் உக்கார மாட்டே."

அரங்கத்தில் இடத்தை நானே தேர்ந்தெடுத்தேன். பதினாலாவது வரிசை, நட்டநடு நாற்காலி. இரண்டு பக்கமும் பத்துப் பத்து டாக்டர்கள். எழுந்தாலும் வெளியே வர முடியாதபடி அவளை அடைத்தேன். அவளுக்கு இந்தப் பக்கம் எனக்கு, ஊழியர்களுக்கான, மெத்தை இல்லாத சாதாரண நாற்காலி. அவளுக்கு அந்தப் பக்கம் டாக்டர் ஃபிட்ச், இந்த முறை நாய் இல்லாமல். வாசலருகே மஞ்சள் மேல்சட்டை போட்ட கோர்ட்னி என்ற பெண், வாரியத்தின் ஆள், கம்ப்யூட்டரில் முந்நூறு பச்சைப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச வந்தவர் டொரொன்டோவில் பெரிய இதய நிபுணர், டாக்டர் லாடிமர். தலைப்பு: ‘கண்ணெதிரே ஒருவர் விழுந்தால் முதல் ஐந்து நிமிடம்’. நல்ல உயரம், நல்ல குரல். கொஞ்சம் வியர்த்திருந்தது. மேடை விளக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு ஆரம்பித்தார். மார்த்தா சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். மூன்றரைக்கு ஒரு கால் ஆட ஆரம்பித்தது. கையை அவள் தொடையில் வைத்து அழுத்தினேன். நாலு மணிக்குப் பையிலிருந்து ஜாம் வைத்த பிஸ்கட் ஒன்றைக் கொடுத்து அமைதிப்படுத்தினேன். நாலு பதினொன்றுக்கு டாக்டர் லாடிமர், "இப்ப ஒரு ஆள் உங்க முன்னாடி திடீர்னு..." என்று சொல்லிக்கொண்டே விழுந்தார்.

அரங்கம் ரசித்தது. நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

"பிரமாதமான ஆளுப்பா," என்றார் ஃபிட்ச். "சும்மா பேசிட்டுப் போகாம நடிச்சே காட்டறார் பாரு."

கையிலிருந்த, திரையில் படம் மாற்றும் பொத்தான் கருவியின் மேல் அவர் விழுந்ததில் திரையில் அடுத்த படம் வந்தது. அது ஒரு கேள்வி. உங்கள் முன் ஒருவர் மயங்கி விழுகிறார். முதலில் என்ன செய்வீர்கள்? அ, உதவிக்குக் குரல் கொடுத்து நெஞ்சை அழுத்தத் தொடங்குவேன். ஆ, தண்ணீர் கொடுப்பேன். இ, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுப்பேன். ஈ, அடுத்த வாரம் வரச் சொல்வேன்.

முந்நூறு டாக்டர்களும் நாற்காலிக் கைப்பிடியில் இருந்த பொத்தானைக் குனிந்து அழுத்தினார்கள். திரையில் முடிவு வந்தது. ‘அ’ என்றவர்கள் தொண்ணூற்றெட்டு சதவீதம். அரங்கம் முழுக்கத் திருப்தியான முணுமுணுப்பு. ஃபிட்ச் மட்டும் ‘ஈ’யை அழுத்தியிருந்தார். விரல் வழுக்கிவிட்டது என்றார்.

மார்த்தா மட்டும் பொத்தானை அழுத்தவில்லை. மேடையையே பார்த்தாள்.

"வெர்லா, அவர் நடிக்கல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நடிக்கறவன் விழும்போது கையை ஊனுவான். இவர் மூஞ்சி போய் இடிச்சுது. வாயப் பாரு."

பார்த்தேன். ஏரியிலிருந்து எடுத்துப் பனிமேல் போட்ட மீன் வாயைத் திறக்குமே, அப்படித் திறந்து மூடியது. முகம் சாம்பல் நிறம். எனக்கும் தெரிந்துவிட்டது. அதை மறைத்துப் பேச விரும்பவில்லை. எனக்கும் தெரிந்துவிட்டது.

மார்த்தா எழுந்தாள். நான் அவள் சட்டைக் கையைப் பிடித்தேன்.

"உக்காரு! இங்க முந்நூறு டாக்டர் இருக்காங்க! எவனாச்சும் போவான்!"

"எவன் போறான்?"

"இன்னும் பத்தொம்போதே நிமிஷம், மார்த்தா! உக்காரு!"

அவள் இழுத்தாள், நான் விடவில்லை. தோள்பட்டையில் தையல் டர்ரென்று பிரிந்தது. அப்போதுதான் விட்டேன். அவள் திட்டவில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டு, பத்து டாக்டர்களின் முழங்கால்களைத் தாண்டிப் போனாள். ஒருவரும் எழுந்து வழிவிடவில்லை. முழங்காலை மட்டும் ஒதுக்கினார்கள், பின்பக்கம் மெத்தையில் அழுந்தியபடியே.

"வரிசை பதினாலு, நடு சீட்டு சிவப்பு!" என்று வாசலிலிருந்து கோர்ட்னி கத்தினாள். "ரெண்டு நிமிஷம் டைம்!"

அடுத்து நான் செய்ததைச் சொன்னால் என்னைக் காறித் துப்புவீர்கள். நகர்ந்து போய் மார்த்தாவின் மெத்தையில் உட்கார்ந்தேன். கொஞ்சம் அசைந்தும் கொடுத்தேன். "பச்சை!" என்றாள் கோர்ட்னி. அப்பாடா என்றிருந்தது.

மேடையில் மார்த்தா மண்டியிட்டு அவர் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தாள். அரங்கத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. இதுவும் நிகழ்ச்சியின் பகுதி என்றார்கள் பாதிப்பேர். மீதிப்பேர் முகத்தில் சந்தேகம் இருந்தது. சந்தேகப்பட்டவர்களும் உட்கார்ந்துகொண்டுதான் சந்தேகப்பட்டார்கள்.

"இன்னும் ஆழமா அழுத்தும்மா!" என்றது ஒரு குரல்.

"நிமிஷத்துக்கு நூறுக்குக் குறையக் கூடாது!" என்றது இன்னொன்று.

பிறகு எல்லோருமாகச் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. முந்நூறு டாக்டர்கள் தாளம் தவறாமல் கைதட்டி எண்ணினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு ஒழுங்காக எண்ணி நான் கேட்டதில்லை.

மார்த்தா அழுத்துவதை நிறுத்தாமல் தலையைத் தூக்கினாள்.

"வெர்லா! வாசல் பக்கம் சுவத்துல ஷாக் குடுக்கற பெட்டி தொங்குது! எடுத்துட்டு வா!"

"நான் எழுந்தா புள்ளி போயிடும்!" என்று நான் திருப்பிக் கத்தினேன்.

ஒரு மனிதன் செத்துக்கொண்டிருக்கிறான், அவனுக்குக் கேட்கிற தூரத்தில் நான் அதைக் கத்தினேன். என் வாயிலிருந்து வந்ததை என் காதாலேயே கேட்டேன். பிறகு ஊர்ப் பாதிரியாரிடம் சொன்னேன், அவர் பரவாயில்லை என்றார். பரவாயில்லை இல்லை.

எழுந்தேன். எப்படி எழுந்தேன், எத்தனை காலை மிதித்தேன் என்று தெரியாது. ஃபிட்ச் ஒரு வாரம் நொண்டினாராம், நல்லது. சுவரிலிருந்த பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு மேடைக்கு ஓடினேன். பின்னாலேயே கோர்ட்னியின் குரல் வந்தது: "நடு சீட்டு மறுபடி சிவப்பு!"

மார்த்தா அவர் சட்டையைக் கிழித்துப் பட்டைகளை ஒட்டினாள். பெட்டி பேசியது, யாரும் தொடாதீர்கள் என்றது. யாரும் தொடுகிற மாதிரி இல்லை, எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். லாடிமரின் உடம்பு ஒரு தூக்கு தூக்கிப் போட்டது. அரங்கம் கைதட்டியது.

"எனக்குக் கை விட்டுப்போச்சு," என்றாள் மார்த்தா. "நீ அமுக்கு."

"எனக்கு வராது!"

"வருஷா வருஷம் தீயணைப்பு பசங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கறப்ப நீ அங்கதானே இருக்கே?"

"நான் காபி போட்டுட்டு இருப்பேன்!"

"காபி போட்டுட்டே பாத்திருப்பே. அமுக்கு."

அமுக்கினேன். கைக்குக் கீழே எலும்பு ஒன்று ‘டப்’ என்றது. நிறுத்தப் போனேன். "நிறுத்தாதே, எலும்பு ஒட்டிக்கும்," என்றாள் மார்த்தா. முந்நூறு பேர் எனக்கு எண்ணிக்கொடுத்தார்கள். அறுபத்து மூன்றாவது எண்ணில் லாடிமர் இருமினார். அதைவிட அழகான இருமலை நான் கேட்டதில்லை. அங்கேயே மேடையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் பனியோடு உள்ளே வந்தார்கள். அதில் ஒருவன் அரங்கத்தைப் பார்த்து, "இங்க யாராச்சும் டாக்டர் இருக்கீங்களா?" என்றான்.

முந்நூறு கைகள் மேலே போயின. ஒரு பின்பக்கமும் மேலே வரவில்லை.

லாடிமரைத் தூக்கிப் போகும்போது அவர் கண்ணைத் திறந்து மார்த்தாவின் கையைப் பிடித்தார். "ஸ்லைடெல்லாம் முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

முடிந்திருந்தது. பொத்தான் கருவி மேல் யாரோ முட்டிபோட்டதில் கடைசிப் படம் வரை ஓடி, ‘நன்றி’ என்று நின்றிருந்தது. அதனால் வகுப்பு முழுதாக நடந்ததாகவே கணக்கு. உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் ஒன்றரைப் புள்ளி. லாடிமருக்கு இல்லை. பேச்சாளர் பாதியிலேயே மேடையைவிட்டுப் போய்விட்டார் என்று கோர்ட்னி குறித்துக்கொண்டாள். மார்த்தாவுக்கும் இல்லை. அவளுடைய மெத்தை பதினேழு நிமிடம் காலியாக இருந்ததாம்.

அப்போது மணி ஐந்தேகால்.

"ஏம்மா, உனக்குக் கண் இருக்கா இல்லையா?" என்றேன் கோர்ட்னியிடம். "டாக்டர் அந்த ஆளைப் பொழைக்க வெச்சாங்க!"

"பாத்தேன் மேடம். நானும் அழுதேன். ஆனா அது சிகிச்சை. நாங்க கல்விக்குத்தான் புள்ளி தருவோம்." நல்ல பெண்தான், உண்மையிலேயே கண் சிவந்திருந்தது. "ஒரு வழி இருக்கு. அனுபவத்துல இருந்து கத்துக்கிட்டதுக்கு ஒரு படிவம் இருக்கு. அதை நிரப்பினா ஒன்றரை கிடைக்கும். ஆறு மணிக்குள்ள அனுப்பணும்."

ஹோட்டல் வரவேற்பறையில் ஒரு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தோம். மார்த்தாவுக்குக் கை விட்டுப்போயிருந்ததால் அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். முதல் கேள்வி, என்ன செய்தீர்கள்? "ஒருத்தர் விழுந்தார், நெஞ்சை அமுக்கினோம், பொழைச்சார்," என்றாள். இரண்டாவது, இதில் புதிதாகக் கற்றது என்ன?

"ஒண்ணுமில்ல. இது எனக்கு முப்பது வருஷமாத் தெரியும்."

தட்டினேன். கம்ப்யூட்டர் சிவப்பு எழுத்தில் திருப்பி அனுப்பியது. எதுவும் கற்காத அனுபவம் கல்வி ஆகாது.

கோர்ட்னி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "மேடம், நெஞ்சை அமுக்கணும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்னு போடுங்க. உடனே பாஸ் ஆயிடும்."

மார்த்தா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னி வரைக்கும் அது தெரியாத டாக்டருக்கு நீங்க லைசென்ஸ் குடுப்பீங்களா?"

"குடுப்போமே. இப்பத் தெரிஞ்சுக்கிட்டீங்கள்ல?"

"நான் பொய் எழுத மாட்டேன்."

"மார்த்தா, கால்ல விழறேன், எழுதித் தொலை," என்றேன். "ஆயிரத்து நானூறு பேர். மணி அஞ்சு முப்பத்தாறு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாளோ என்று பயந்தேன். அரங்கத்திலிருந்து டாக்டர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு, கோட்டு மாட்டிக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள். இரண்டு மூன்று பேர் வந்து அவள் முதுகில் தட்டினார்கள். "அருமையா அமுக்கினீங்க," என்றார் ஃபிட்ச். அவர் போன பிறகு மார்த்தா கண்ணைத் திறந்தாள்.

"தட்டு. முந்நூறு டாக்டர் இருக்கற இடத்துலயும் நான் போகலன்னா யாரும் போக மாட்டாங்கன்னு கத்துக்கிட்டேன்."

தட்டினேன். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. மூன்றாவது கேள்வி, இதனால் உங்கள் தொழிலில் என்ன மாற்றம் செய்வீர்கள்?

"இனிமே ஓரத்து நாற்காலிலதான் உக்காருவேன்."

அதையும் ஏற்றுக்கொண்டது. கடைசிக் கேள்வி, கற்பதற்குத் தடையாக இருந்தது எது?

என் விரல் நின்றுவிட்டது. மார்த்தாவின் கிழிந்த தோள்பட்டை என் கண்ணுக்கு நேரே இருந்தது. உள்ளே வெள்ளைப் பனியன் தெரிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்தாள்.

"தடை ஒண்ணுமில்லன்னு போடு," என்றாள்.

அவளுக்கு இருந்த பெருந்தன்மை எனக்கு எரிச்சலாக வந்தது. அழுகையாகவும் வந்தது. ‘வெர்லா’ என்று தட்டி அனுப்பினேன்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் பதில் வந்தது. ஒன்றரைப் புள்ளி ஏற்கப்பட்டது. தடையைச் சரியாக அடையாளம் கண்டதற்குப் பாராட்டாக அரைப் புள்ளி கூடுதல்.

"என்ன தடை?" என்றாள் மார்த்தா.

"கம்ப்யூட்டர் ஏதோ உளறுது. கெளம்பு."

ஊருக்குத் திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். ஊர் எல்லை வரும்போது, "அந்தச் சட்டையைக் குடு, தைச்சுத் தரேன்," என்றேன்.

"வேணாம். பழைய சட்டை," என்றாள். பிறகு, "நீ நல்லா அமுக்கினே," என்றாள்.

திங்கட்கிழமை கிளினிக் திறந்தது. முதல் ஆளாக நின்றது யார் என்றால், எதிர்க்காமல் கை தூக்கிய ஊராட்சித் தலைவர், ஆணிக்காலோடு.

அந்தச் சட்டையை அவள் தைக்கவே இல்லை. இந்த வருடம் பிப்ரவரி மாநாட்டுக்கும் அதையே போட்டுக்கொண்டு வந்தாள். வேண்டுமென்றே செய்தாளா, வேறு சட்டை இல்லையா என்று நான் கேட்கவில்லை. அவளை ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் நான் உட்கார்ந்தேன், என் இரண்டு கைகளையும் என் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு.